ஒன்பது மைல் துரை

திருக்கழுக்குன்றம் சாலையோரத்தில் ஒரு வெள்ளைக்காரர் கல்லறை இருக்கிறது. லெப்டினன்ட் ஆர்தர் வின்ஸ்லோ, பிரபுவின் மகன் என்று கல்லில் வெட்டியிருக்கும். ஊருக்கு அவர் தொரைசாமி. போலீஸுக்கும் பட்டாளத்துக்கும் ஓட்டத் தேர்வுக்குப் போகிறவர்கள் முதலில் அந்தக் கல்லறையை மூன்று முறை சுற்றி ஓடி, ஒரு சுருட்டைப் பற்றவைத்து வைத்துவிட்டுத்தான் போவார்கள். எப்போது ஆரம்பித்த பழக்கமோ, யாருக்கும் தெரியாது.

கல்லறையை ஒட்டினாற்போல் செல்லம்மாவின் இட்லிக் கடை. தினமும் துரைக்கு ஊதுபத்தி வைப்பாள். கேட்டால், "அவுரும் நம்ம சர்ச்சுதான சார்" என்பாள். புருஷன் போனபின் இரண்டு பெண்களை ஆளாக்கியது அந்தக் கடைதான். சாலையை அகலப்படுத்த அளவெடுக்க வந்த பொறியாளர் ஜெயந்த், கல்லறை, கடை இரண்டின் மேலும் இடிக்க அடையாளமாகச் சிவப்புப் பெயின்ட் அடித்தார். "பெரிய வீரர்னு ஆதாரம் கொண்டு வாங்க, ரோட்டை ஒதுக்கிடலாம்" என்றார், எங்கே கிடைக்கப்போகிறது என்ற தைரியத்தில்.

செல்லம்மா என்னிடம் வந்தாள். நான் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார். காலை நாஸ்தா அவள் கடையில்தான். இங்கிலாந்தில் அந்தக் குடும்பத்தைத் தேடிப் பிடித்து மின்னஞ்சல் அனுப்பினேன். பதினைந்தே நாளில் துரையின் முழு வாழ்க்கையும் வந்து சேர்ந்தது. படித்துவிட்டு, தயங்கியபடியே கடைக்கு எடுத்துப் போனேன். ஜெயந்த் வேறு எதிரே நின்றார். மொழிபெயர்ப்பில் ஒரு பொய்யைச் செருகியிருக்கலாம். முப்பது வருஷ வாத்தியார் புத்தி, நாக்கு வரவில்லை.

"மூணாவது பிள்ளை. படிப்பு ஏறலை. அப்பா காசு கொடுத்துப் பட்டாளத்துல பதவி வாங்கிக் கொடுத்தார். முதல் சண்டையில காய்ச்சல்னு படுத்துட்டார். ரெண்டாவதுல வயித்துவலி. மூணாவது செங்கல்பட்டுல. பீரங்கி வெடிச்சதும், கப்பலைப் பிடிக்கக் கடற்கரைப் பக்கம் ஓடிட்டார். இங்க வந்து வெயில்ல சுருண்டு விழுந்து செத்தார்." கடைசி வரியையும் சொன்னேன். குடும்பத்துக்கு அவமானம், இடித்தால் ஆட்சேபம் இல்லையாம்.

ஜெயந்த் சிரித்துவிட்டார். "ஓடிப்போன ஆளுக்கெல்லாம் ரோடு வளையாதும்மா."

செல்லம்மா முகம் வாடவேயில்லை. "எம்மாந்தூரம் ஓடியாந்தாரு சார்?"

"ஒன்பது மைல்."

"பூட்ஸோடயா?"

"பூட்ஸ், கம்பளிக் கோட்டு, கத்தி எல்லாத்தோடயும்."

"அதான பார்த்தேன்" என்றாள். "சண்டைல கெலிச்சவன வச்சி நாங்க இன்னா பண்றது? எங்க ஊர்ப் புள்ளைங்க ஓட்டத்துல ஒண்ணுகூட ஃபெயில் ஆனதில்ல. என் பெரிய பொண்ணு ஷாரோன் இப்ப போலீஸ்ல கீது."

ஜெயந்தின் சிரிப்பு நின்றது. "பொண்ணுங்களும் பாஸ் ஆகுறாங்களா?"

மறுநாள் காலை அவர் பைக்கில் வந்து இறங்கினார். பின்னால் ஓட்டக் காலணி போட்ட தங்கை விஷாகா. அடுத்த வாரம் போலீஸ் தேர்வாம். போன முறை ஓட்டத்தில்தான் போயிற்றாம். அவள் மூன்று சுற்று ஓடினாள். அண்ணன் சுருட்டைப் பற்றவைத்தார். காற்றில் நாலு தீக்குச்சி வீணானது.

விஷாகா தேறிவிட்டாள். சிவப்புப் பெயின்ட்டின் மேல் ஜெயந்தே நின்று சுண்ணாம்பு அடிக்க வைத்தார். சாலை இப்போது அந்த இடத்தில் மட்டும் வளைந்து போகிறது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றே இங்கிலாந்துக்குப் பதில் எழுதினேன்: "இடிக்கவில்லை. எந்தச் சண்டையிலும் நிற்காத உங்கள் பிள்ளை இங்கே ஓர் இட்லிக் கடையைக் காப்பாற்றியிருக்கிறார்."