ஐந்து ஆதாரங்களும் ஒரே வாயும்

காலை ஆறு மணிக்குக் குழந்தைகள் வார்டின் சுவரில் மருந்தாளுநர் அந்தத் தாளை ஒட்டினாள். புதிய சளி மருந்தை இரண்டு மடங்கு கொடுக்கலாம் என்றது தாள். அடியில் ஐந்து ஆதாரங்கள், அதற்கும் கீழே அவள் கையெழுத்து. அவளை நம்பி டாக்டரும் ஒப்புதல் தந்திருந்தார். அவள் புகுந்த வீட்டுக்கு மூன்று தலைமுறையாக மருந்துத் தொழில். அந்த வீட்டுப் பெயரைச் சேர்த்துக் கையெழுத்திடும்போது அவள் முதுகு தானாக நிமிரும்.

எட்டு மணிக்குக் கொழுந்தன் நூலகத்திலிருந்து போன் செய்தான். ஆதாரங்களின் பக்க எண்களைச் சரிபார்க்கும்படி அவனிடம் சொல்லியிருந்தாள்.

"அண்ணி, தாளை ஒட்டிட்டீங்களா?"

"ஒட்டியாச்சே. பக்க எண் தப்பாப் போச்சா? அதுக்கா நாய் துரத்தின மாதிரி மூச்சு வாங்குறே?"

"விளையாடாதீங்க அண்ணி. ஒண்ணு நாளிதழ் செய்தி. ஒண்ணு வார இதழ். ஒண்ணு மருந்துக்கடைக்காரங்க சங்கப் பத்திரிகை, இன்னொண்ணு மாநாட்டு மலர். அஞ்சாவது, ஆய்விதழ் மாதிரி அட்டை போட்ட விளம்பரம். எல்லாமே அந்த மருந்துக் கம்பெனியோட அறிக்கையை வரி மாத்திப் போட்டதுதான். வேற நிபுணருங்க சோதிச்சு ஒத்துக்கிட்ட ஆய்வு ஒண்ணுகூட இல்ல."

வார்டில் அந்த மருந்து ஒரே ஒரு குழந்தைக்குத்தான்; ஏழு மணிக்கே கொடுத்து முடிந்திருக்கும்.

"சத்தமில்லாம கிழிச்சுடுங்க அண்ணி. நம்ம வீட்டுப் பேரு இருக்குல்ல!"

அவள் ஓடினாள். மூன்றாம் கட்டிலில் ஒரு பெண் குழந்தை கண் செருகிக் கிடந்தது.

"இன்னைக்குத்தான் அசந்து தூங்குறா" என்று அதன் தாய் சிரித்தாள்.

தாளைக் கிழித்தால் யாருக்கும் தெரியாது. மருந்தாளுநரின் கை சுவர் வரை போயிற்று. தாளைத் தொடாமலே திரும்பிக் கத்தினாள்.

"டாக்டர்! ஓடி வாங்க. இந்தக் குழந்தைக்கு ரெண்டு மடங்கு மருந்து போயிருக்கு. தப்பு என்னோடது."

தாயின் சிரிப்பு அப்படியே உறைந்தது. டாக்டரும் நர்சும் குழந்தையின் மூச்சை எண்ணியபடி நின்றார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு குழந்தை சிணுங்கி, நர்சின் கையைத் தட்டிவிட்டது. தாய் அதை வாரி அணைத்துக்கொண்டாள்.

"அஞ்சு ஆதாரம் போட்டிருந்தியேம்மா?" என்றார் டாக்டர்.

அவள் தாயைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"அஞ்சு இல்ல டாக்டர், ஒரே வாய். அச்சுல வந்ததெல்லாம் சாட்சின்னு நம்பிட்டேன். யாரு எழுதினாங்க, யாரு சரிபார்த்தாங்க, யாரு காசு குடுத்தாங்கன்னு மூணையும் கேட்காம இனி எந்தத் தாள்லயும் எங்க வீட்டுப் பேரை எழுத மாட்டேன். கேட்காம எழுதினா, பலியாகுறது இந்த மாதிரி ஒரு உசுரு."