காலில் கட்டிய சீட்டு

தங்கை மகளின் கல்யாணத்துக்காக மிமின் எடுத்தது மூன்றே நாள் விடுப்பு. முப்பத்து மூன்று வருட வேலையில் அவள் சேர்ந்தாற்போல் மூன்று நாள் வராமல் இருந்தது இதுதான் முதல் தடவை. அதற்குள் கைவரிசையைக் காட்டிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை அருங்காட்சியகத்தின் பறவை அறையைத் திறந்தாள். கூரை ஒழுகும் இடத்தில் வைத்திருந்த வாளியைக் காலி செய்தாள். இருபத்தேழாம் அலமாரியின் கீழ் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நாற்பத்து மூன்று இராக்கொக்குகளும் வழக்கம்போல மல்லாந்து கிடந்தன. வயிற்றில் தையல், கண் இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு, மார்போடு ஒட்டிய அலகு. எல்லாம் சரி. காலில்தான் ஒன்றிலும் சீட்டு இல்லை.

பாடம் செய்த பறவையின் காலில் கட்டும் அந்தச் சீட்டு விரல் அகலம்கூட இருக்காது. எந்த ஆறு, எந்தத் தேதி, யார் சுட்டது, ஆணா பெண்ணா, சிறகு எத்தனை மில்லிமீட்டர் என்று அதில்தான் இருக்கும். தப்பாக எழுதியிருந்தாலும் அதை அகற்றக் கூடாது. திருத்தத்தை வேறொரு சீட்டில் எழுதி, பழையதன் பின்னால் கட்ட வேண்டும். ஒரு பறவைக்கு என்ன நேர்ந்தாலும் அதையும் சீட்டில் ஏற்ற வேண்டும். மிமினுக்கு இது தொழுகை மாதிரி. பயிற்சிக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள்: "சீட்டு இல்லாத கொக்கு கொக்கு இல்ல. பஞ்சு அடைச்ச தலையணை."

கினாஞ்சார் வாசலில் வந்து நின்றான். கணினிப் பதிவுக்காக எடுத்த ஒப்பந்த ஆள், நாற்பது வயது, தொந்தியும் நல்ல மனசும் உண்டு, மிமினை 'தேத்தே', அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவான். தன் அலமாரிச் சாவியை மிமின் அவனிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

"பாத்தீங்களா தேத்தே! பளிச்சுனு ஆக்கிட்டோம்ல? இனிமே எல்லாத்துக்கும் பார்கோடுதான். டைரக்டர் சொன்னாரு, கந்தல் எல்லாம் வெட்டி எறின்னு. நான் எறியல. ஒண்ணு விடாம போட்டோ எடுத்துட்டேன்."

"எங்க, காட்டு."

திரையில் நாற்பத்து மூன்று சீட்டுகளின் படம் இருந்தது. அடுத்த கோப்பில் நாற்பத்து மூன்று கொக்குகளின் படம். இரண்டும் தெளிவோ தெளிவு.

"அழகா இருக்கு தம்பி. இதுல எந்தச் சீட்டு எந்தக் கொக்கோடது?"

கினாஞ்சார் வாயைத் திறந்தான். பிறகு அந்தப் படத்தைப் பார்த்தான், இந்தப் படத்தைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கிப் போயிற்று.

"தேத்தே..." என்றான்.

அவள் இயக்குநர் அறைக்குப் போனபோது நடந்து போகவில்லை என்றுதான் வாசல் காவலர் இன்றைக்கும் சொல்கிறார். இயக்குநர் சுபார்காவை எல்லாரும் 'பாக்', அதாவது ஐயா என்பார்கள்; சுற்றுலா அலுவலகத்திலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. நல்ல சட்டை போடுவார், பெண்களை 'இபு', அம்மா என்றே கூப்பிடுவார், யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். பறவை அறையைக் காலி செய்து அங்கே ஒளி மண்டபம் கட்டப் போகிறார். மக்கள் வந்து வண்ண வெளிச்சத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

"உக்காருங்க இபு. கல்யாணம் நல்லா நடந்துச்சா?"

"சீட்டை எல்லாம் வெட்டச் சொன்னது நீங்களா?"

"அழுக்குத் துண்டு இபு. டச்சுக்காரன் காலத்துக் கிறுக்கல். சரி, நீங்களே சொல்வீங்களே, சீட்டு இல்லாத பறவை தலையணைன்னு. தலையணைக்கு எதுக்கு இரும்பு அலமாரி? எதை வைக்கணும் எதைக் கழிக்கணும்னு முடிவு பண்ற குழு வியாழக்கிழமை வருது. கொக்குல ஆண் ஒண்ணு பெண் ஒண்ணு வச்சுக்கிட்டு மிச்சத்த எரிச்சிடலாம்னு எழுதியிருக்கேன். அப்புறம் மத்த அலமாரி. வெள்ளம் வந்தப்போ நூஹ் நபியே ஜோடி ஜோடியாத்தானே கப்பல்ல ஏத்தினார்?"

"அவர் ஏத்தினது உசிரோட இருந்ததை, பாக். அதுங்க பெருகும். செத்த கொக்கு ரெண்டை வச்சா, ஆயிரம் வருஷம் ஆனாலும் ரெண்டுதான்."

"கோபப்படாதீங்க. அடுத்த வருஷம் ஓய்வு வேற வருது."

மிமின் எழுந்து வந்தாள். எரிச்சலில் பாதி அவர் மேல், பாதி தன் மேல். சாவியைக் கொடுத்தது அவள்தானே?

மற்ற பறவையாக இருந்தால் இத்தனை பதறியிருக்க மாட்டாள் என்று சொல்ல முடியாது. அவள் சிட்டுக்குருவிக்கும் பதறுகிறவள்தான். ஆனால் இந்த நாற்பத்து மூன்றும் சிலூஹுர் ஆற்று முகத்துவாரத்தில் பிடித்தவை. ஆற்றின் மேல்பக்கம் தங்கம் பிரிக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. முகத்துவாரத்து ஜனங்களுக்குக் கை நடுங்குகிறது, நாக்குக் குழறுகிறது. ஆலை ஆற்றில் விடும் பாதரசம்தான் காரணம் என்றார், அந்த நோயை ஆராயும் டாக்டர் லஸ்மாரியா. அது பாட்டன் காலத்திலிருந்தே சேற்றில் இருக்கிறது என்றது ஆலை. யார் சொல்வது உண்மை? அதைச் சொல்லக்கூடிய சாட்சி இந்த இழுப்பறைகளில்தான் கிடந்தது. கொக்கு தின்ற மீனில் இருக்கும் பாதரசம் அதன் இறகில் ஏறும். ஏறினால் நூறு வருடம் ஆனாலும் இறங்காது. இந்த அறையில் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்செனிக் பூசினார்களே தவிர பாதரசம் ஒருபோதும் பூசியதில்லை என்பது டாக்டருக்குக் கிடைத்த யோகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கு, அறுபத்தொன்று, எழுபத்தெட்டு, தொண்ணூற்றிரண்டு என்று நாலு காலத்து இறகையும் வரிசையாகச் சோதித்தால் ஆலை வருவதற்கு முன் என்ன, பின் என்ன என்று தெரிந்துவிடும். வருடம் தெரியாத இறகோ வாய் பேசாது.

தொண்ணூற்றிரண்டில் அங்கே போனது மிமின்தான். பதினோரு நாள் ஒரு மீனவர் வீட்டில் தங்கி, அவர்கள் சுட்டுத் தந்த மீனைத் தின்றாள். அந்த வீட்டுப் பெண் ஓனியை டாக்டரோடு போய்ப் போன வருடம் பார்த்தாள். ஓனி இப்போது தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறாள். அப்படியும் பாதி மடியில் சிந்துகிறது.

அறைக்குத் திரும்பியதும் மிமின் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"சீட்டு எங்க போட்ட?"

"பிஸ்கட் டப்பால, தேத்தே. என்னால வேலை போனாலும் போகட்டும், என்ன செய்யணும் சொல்லுங்க."

"வெட்டினப்போ நூலை உருவினியா?"

"இல்ல. சீட்டுப் பக்கமா ஒட்ட வெட்டினேன். முடிச்சு காலோடயே இருக்கு."

மிமின் அன்றைக்கு முதல் தடவையாக மூச்சு விட்டாள். "பொழச்ச போ."

மூன்று பகலும் இருவரும் குனிந்த தலை நிமிரவில்லை. நூல்தான் முதலில் பேசியது. முப்பத்து நான்கில் பாடம் செய்த சார்மின் என்பவர் அன்னாசி நாரை மெழுகு தடவி முறுக்கிக் கட்டுவார். கொக்கின் இடக்காலை வலக்காலின் மேல் போடுவார். அப்படிப் பன்னிரண்டு. அறுபத்தொன்றில் ஊரில் பருத்தியும் இல்லை நூலும் இல்லை, அரிசிக்கே வரிசை. ஓஹிம் என்ற ஆள் சாக்கு நூலைப் பிரித்துக் கட்டி, இலவம்பஞ்சை அடைத்திருந்தார். அப்படி ஒன்பது. எழுபத்தெட்டில் மீன்வலை நைலான், பதினான்கு. மிச்சம் எட்டும் மிமினே கட்டியது. அவள் இடக்கைக்காரி, அவள் முடிச்சு எல்லாருடைய முடிச்சுக்கும் எதிர்ப்பக்கம் திரும்பும்.

"உங்களுக்கு எப்படித் தேத்தே இத்தனை ஞாபகம்?" என்றான் கினாஞ்சார்.

"புருஷன் மூஞ்சியை விட இதுங்க காலைத்தான் அதிகம் பார்த்திருக்கேன். அவரே சொல்லிக் காட்டுவார்."

பிறகு ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். சீட்டில் உள்ள சிறகளவை எடுத்து, கொக்கின் சிறகை அளந்தார்கள். காய்ந்த தோல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சுருங்கும், அதையும் கணக்கில் சேர்த்தார்கள். 'இடச் சிறகில் மூன்றாம் இறகு முளைக்கிறது' என்று ஓஹிம் எழுதியிருந்தார்; அந்தப் பாதி முளைத்த இறகு அறுபது வருடம் கழித்தும் பாதியிலேயே நின்றது. சார்மின் சுட்டதில் ஒன்றுக்குக் குண்டு அலகில் பட்டிருந்தது, சீட்டிலும் அப்படியே இருந்தது. புதன் மாலை நாற்பத்தொன்று பொருந்தி, அவற்றின் சீட்டு அந்தந்தக் கொக்கின் பக்கத்தில் வந்துவிட்டது. இரண்டு மட்டும் பொருந்தவில்லை. எழுபத்தெட்டில் ஒரே நாளில் பிடித்த இரண்டு பெட்டைகள், சிறகு இரண்டுக்கும் இருநூற்று எண்பத்தாறு. எத்தனை தடவை அளந்தாலும் எது எது என்று சொல்ல வழியில்லை.

"ஏதாவது ஒண்ணைக் கட்டிடுங்க தேத்தே. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

வியாழக்கிழமை குழு வந்தது. தலைவி இபு ரத்னாசிஹ், ஓய்வு பெற்ற தாவரவியலாளர். எதற்கும் தலையாட்டாதவர் என்று பெயர். டாக்டர் லஸ்மாரியாவும் வந்து சுவரோரம் நின்றார். பாத்தாக் இனத்தவர், மெல்லப் பேசத் தெரியாதவர்.

பாக் சுபார்கா சிரித்தபடி தொடங்கினார். "இபு மிமின் பாவம், மூணு நாளா உழைச்சிருக்காங்க. ஆனா நூலைப் பார்த்து, முடிச்சைப் பார்த்துக் கதை சொல்றது ஆராய்ச்சி ஆகுமா? இது ஜோசியம். இதை நம்பி ஒரு ஆலை மேல பழி போட்டா அருங்காட்சியகத்துப் பேர்தான் கெடும்."

"ஜோசியமா?" மிமின் எழுந்தாள். "சீட்டை மூடிக்கிட்டு நீங்களே கலைச்சுப் போடுங்க, பாக். நான் வெளியில நிக்கிறேன்."

அவர் ஆறு கொக்குகளை எடுத்துக் கலைத்தார். மிமின் உள்ளே வந்து, கொக்கை ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி, வருடம் சொன்னாள். அறுபத்தொன்று. முப்பத்து நாலு. தொண்ணூற்றிரண்டு. ஆறில் ஆறும் சரி.

"மனப்பாடம் பண்ணியிருப்பாங்க" என்றார் இயக்குநர்.

இபு ரத்னாசிஹ் ஒரு கொக்கைச் சுட்டினார். "இது அறுபத்தொண்ணு, உள்ள இலவம்பஞ்சுன்னு சொன்னீங்க. தையல் பிரிஞ்சதே இல்லயே, உள்ள இருக்கிறது எப்படித் தெரியும்?"

"அழுத்தினா தெரியும். இலவம்பஞ்சு உடனே எழும்பும், பருத்தி அமுங்கியே கிடக்கும்."

"பிரிங்க, பார்க்கலாம்."

ஒரு கணம் மிமினின் கை போகவில்லை. ஓஹிம் போட்ட தையல். அறுபது வருடம் யாரும் தொடாதது. பிறகு ஓனியின் கோப்பை நினைவுக்கு வந்தது. கத்தரியை எடுத்து நாலு தையலை வெட்டினாள். பளபளவென்று இலவம்பஞ்சு பொங்கி வந்தது. நடுவில் இரண்டு கறுப்பு விதைகள். பக்கத்தில் கிடந்த எழுபத்தெட்டாம் வருடத்துக் கொக்கைப் பிரித்தாள். பழுப்பேறிய பருத்தி.

இபு ரத்னாசிஹ் பட்டியலைப் புரட்டினார். "நாப்பத்தொண்ணுக்குத்தான் சீட்டு இருக்கு. இந்த ரெண்டு?"

"தெரியாது, இபு. ஒரே நாள், ஒரே இடம். வருஷத்துல சந்தேகமே இல்ல, டாக்டர் இறகு எடுத்துக்கலாம். ஆனா எது எதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன்."

"பார்த்தீங்களா, அவங்களே தெரியாதுங்கிறாங்க!" என்று சிரித்தார் பாக் சுபார்கா.

"பார்த்தேன்" என்றார் இபு ரத்னாசிஹ். "அதனாலதான் மிச்ச நாப்பத்தொண்ணை நம்புறேன். ஒண்ணும் எரிக்க வேணாம். அலமாரி எதுவும் நகர வேணாம். டாக்டர், இறகு எடுக்க அனுமதி நான் கையெழுத்துப் போடுறேன்."

சுவரோரம் நின்ற டாக்டர் லஸ்மாரியா அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதுவிட்டார். அதையும் மெல்லச் செய்யத் தெரியவில்லை அவருக்கு.

குழு போன பிறகு பாக் சுபார்கா பறவை அறைக்கு வந்தார். மிமின் புதிய சீட்டுகளை எழுதிக்கொண்டிருந்தாள். தண்ணீர் பட்டாலும் கரையாத மை, நூறு வருடம் மட்காத தாள். பழைய சீட்டைக் கொக்கின் காலில் கட்டி, அதன் பின்னால் புதியதையும் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றை எடுத்துப் படித்தார்.

'இயக்குநர் சுபார்காவின் உத்தரவுப்படி இதன் சீட்டு வெட்டப்பட்டது. வெட்டியது கினாஞ்சார். அலமாரிச் சாவியைக் கொடுத்து அதற்கு இடம் தந்தது மிமின் சுதார்சிஹ். நூலும் அளவும் பார்த்து மீண்டும் கட்டியதும் அவளே.' கீழே தேதி.

"இது என்ன இபு?" அவர் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "எல்லாத்துலயுமா?"

"நாப்பத்து மூணுலயும். அந்த ரெண்டுலயும் எது எதுன்னு தெரியலன்னு சேர்த்து எழுதியிருக்கேன்."

"என் பேரு எதுக்கு? உங்க பேரைக்கூடப் போட்டிருக்கீங்க!"

"நான் செஞ்சது என் பேர்ல, நீங்க செஞ்சது உங்க பேர்ல. கொக்குக்கு நேர்ந்ததை எல்லாம் எழுதணும், பாக். விதி அதுதான்."

அவர் சுற்றிலும் பார்த்தார். கினாஞ்சார் கண்ணைத் தாழ்த்தவில்லை. மேலிருந்து சொட்டும் தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். குரல் பழையபடி இறங்கிவிட்டது.

"இபு, நான் ரெண்டு வருஷத்துல மாறிப் போயிடுவேன். நீங்களும் ஓய்வுல போயிடுவீங்க. இது எதுக்கு? கழட்டிடுங்க. கேட்டுக்கறேன்."

மிமின் கடைசிக் கொக்கின் காலைச் சேர்த்துப் பிடித்தாள். நூலைச் சுற்றி, இடக்கை முடிச்சை இழுத்து இறுக்கினாள்.

"இங்க நாங்க சீட்டை அகற்றுறதில்ல, பாக்" என்றாள். இழுப்பறையை உள்ளே தள்ளி, அலமாரியைப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.