குப்பைக்கூடையில் விழுந்த விண்ணப்பம்

1

“இந்த மூணுல எதும்மா நெசம்?” என்று கேட்டார் வக்கீலம்மா.

இந்தக் கதை அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. எழுதுகிறவள் பெயர் லெனோரா. பதினேழு வயது, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். அலபாமாவில் பருத்தி போடும் ஹோசியாவின் மகள். ‘நான்’ என்று எழுதியிருக்க வேண்டும். பயமாக இருக்கிறது, ஆகையால் ‘அவள்’.

(இதை எழுதும்போது வாசலில் ஒரு டிரக் வேகம் குறைத்தது. கதைக்கு அது தேவையில்லை. போய்விட்டதா என்று பார்த்துவிட்டு வருகிறாள்.)

2

விதைப்புக் கடனில் கறுப்பு விவசாயிகளை ஒதுக்கியதற்காக, அப்பாவும் சேர்ந்து அரசாங்கத்தின் மேல் போட்ட வழக்கு. கடன் அலுவலகத்துக்கு மகளும் கூட வந்தது, வீடு திரும்பியதும் எதையோ எழுதியது, எல்லாம் அப்பாவுக்கு ஞாபகம். மாவு டின்னுக்குப் பின்னால் ஒளித்திருந்த நோட்டை எடுத்துப்போய், சாட்சி கிடைத்துவிட்டதென்று வக்கீலம்மாவிடம் நீட்டிவிட்டார்.

அதில் அந்த நாள் மூன்று விதமாக இருந்தது. முதலாவதில் அப்பா மேசையைக் குத்துகிறார். இரண்டாவதில், பக்கத்து நாற்காலியிலிருந்த அண்டை நிலத்துக்காரர் டிலார்ட் எழுந்து அதிகாரியின் சட்டையைப் பிடிக்கிறார். மூன்றாவதில் அதிகாரி மன்னிப்புக் கேட்கி

[இதை முடிக்கவே இல்லை.]

“இது எதிர்த்தரப்புக்குக் கெடச்சா, உங்கப்பா சொல்றது மொத்தமும் கதைன்னுடுவாங்க,” என்றார் வக்கீலம்மா. “அதோட நீ சொந்த மக. சொந்தமில்லாத ஒருத்தர் நடந்தத எழுதிக் கையெழுத்துப் போடணும். திங்கக்கிழமைதான் கடைசி. விட்டா பழைய கடனுக்கு நெலம் ஏலத்துக்குப் போயிரும்.”

3

ஆகவே நான்காவது தடவை. நடந்ததை மட்டும்.

அதிகாரி விண்ணப்பத்தைப் படிக்காமலே குப்பைக்கூடையில் போட்டார். “உங்காளுங்களுக்கு இந்த வருஷம் ஒண்ணும் இல்ல, ஹோசியா.” அவருக்கு அப்பாவின் வயதில் பாதி இருக்கும். அப்பா குனிந்து அதை எடுத்தார். தொடையில் வைத்து நீவினார். “சரிங்கய்யா,” என்றார்.

டிலார்ட் தன் மடியிலிருந்த தொப்பிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

[அன்றைக்கே இதை எழுதியிருந்தால்…]

4

சனிக்கிழமை டிலார்ட் வந்தார்.

“வாங்கண்ணே. இவ்வளவு நேரமா? உங்க டிராக்டர்கூட இதுக்குள்ள வந்திருக்கும்.”

“வரும்டா. உன்னுது மாதிரி நாலு பேரு தள்ளணுமா என்ன?”

சிரித்தார்கள். அப்பா வக்கீலம்மா கொடுத்த சாட்சிப் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினார். சிரிப்பு நின்றது.

“என் விண்ணப்பமும் அதே மேசையிலதான்டா கெடக்கு. நான் கையெழுத்துப் போட்டா அந்தாளு பாத்துருவான்ல?”

“பாத்துருவான்.” அப்பாவுக்குப் பொய் வராது.

“போன மாசம் கையெழுத்துப் போட்டவன் கொட்டகை எரிஞ்சுதே.”

டிலார்ட் அவள் பக்கம் திரும்பினார். “ஏம்மா, உன் கதையில நான் சட்டையப் புடிச்சனாமே?”

நான்காவதாக எழுதிய தாளை நீட்டினாள். படித்துக்கொண்டே வந்தவரின் விரல், தொப்பி என்ற இடத்தில் நின்றது.

5

முடிவு: அவர் கையெழுத்துப் போட்டார், நிலம் தப்பி

முடிவு: அவர் போடவில்லை, ஏலக்காரர்கள் வந்து

[இரண்டையும் அடித்துவிட்டாள். நடக்காததை எழுதி அப்பாவை ஒருமுறை மாட்டிவிட்டது போதும். திங்கட்கிழமையை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.]

அவள் பார்த்தது இவ்வளவுதான்: டிலார்ட் வெற்றுப் படிவத்தை நான்காக மடித்தார். தொப்பிக்குள் வைத்தார். தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு படியிறங்கிப் போனார்.