கல்லை விடாத கெளுத்தி

ஓடையில் மீனே இல்லை என்று நான் சொல்லிவிட்டால் போதும். தண்ணீர் முழுவதையும் குழாய்க்குள் இறக்கி மின்சாரம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதற்காகத்தான் அத்தான் எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். அக்காவின் கணவர் அவர், அந்த மின்சார நிறுவனத்தின் இன்ஜினீயர். மீன்களைப் பற்றிப் படித்துவிட்டு நான் வீட்டில் சும்மா இருந்தேன். வேலையைக் கொடுத்து என் வாயையும் அடைத்துவிட்டதாக அவர் நினைத்துவிட்டார்.

எனக்கு முன்னால் வந்தவர்கள் வலை போட்டுப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். தண்ணீர் பாயும் அந்த வேகத்தில் எந்த மீன் நடு ஓடையில் நீந்தும்? நான் கல்லைப் புரட்டினேன். அடியில் விரல் நீளக் கெளுத்தி ஒன்று, மீசையும் முழியுமாக ஒட்டிக்கொண்டிருந்தது. மார்பில் மடிப்பு மடிப்பாகத் தோல். அதுதான் அதற்குப் பிடி. அடுத்த கல்லிலும் ஒன்று இருந்தது.

ஒரு மீனைக் கல்லோடு வாளியில் வைத்து, காற்றடிக்கும் சின்ன மோட்டாரையும் மாட்டி, அலுவலகத்துக்கே தூக்கிக்கொண்டு போனேன். முதலாளியின் மேசையில் ஓடையின் வரைபடம் விரித்திருந்தது. அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அக்காவைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கச் சொன்னார். அடங்கிப் போ, அடங்கிப் போ என்று சொல்லியே என்னை வளர்த்தவள் அக்கா. அவளை நினைத்ததும் கோபம் கூடத்தான் செய்தது.

முதலாளி வாளிக்குள் எட்டிப் பார்த்து, இந்தப் பொடிசுக்கா இவ்வளவு கூத்து என்று சிரித்தார். குழாய்க்காகக் கட்டப்போகும் அணையில் தேங்கும் தண்ணீரில் விட்டுவிடலாமே என்றார். தேங்கின தண்ணீரில் இது பிழைக்காது என்றேன்.

"வலையில விழாதது கணக்குல வராதும்மா," என்றார் அத்தான்.

முழுப் பூசணிக்காயையே சோற்றில் மறைக்கிறவர்களுக்கு விரல் நீள மீன் எம்மாத்திரம்? எனக்குச் சுர்ரென்று ஏறியது. கல்லை எடுத்து வரைபடத்துக்கு மேலே தலைகீழாகப் பிடித்தேன். தண்ணீர் சொட்டியது. மீன் விழவில்லை. அத்தான் சுண்டுவிரலால் தள்ளிப் பார்த்தார், அது அசையவில்லை. கல்லைத் திரும்ப வாளியில் வைத்தேன்.

"இப்ப சொல்லுங்க. இருக்கா, இல்லையா?"

முதலாளி வரைபடத்தைத் துடைத்தார். நாளையிலிருந்து நான் வர வேண்டாம் என்று அத்தான்தான் சொன்னார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம்.

நிறுவனம் கொடுத்த ரப்பர் பூட்ஸைக் கழற்றி அத்தானின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். பாறையில் வெறுங்கால்தான் நன்றாகப் பிடிக்கும். வாளியைத் தூக்கிக்கொண்டேன், மீனை அதன் இடத்தில் விட வேண்டும்.

"தாராளமா வேற ஆளை அனுப்புங்க அத்தான். அவர் வர்ற அன்னைக்கு நானும் அங்கதான் நிப்பேன். ஒவ்வொரு கல்லா புரட்டிக் காட்டுவேன்."