மத்தியானப் போக்குவரத்துச் செய்தி

அண்ணி ரேடியோவின் பின்பக்கத்தைத் தடவித் துளையைக் கண்டுபிடித்து, இயர்போன் ஒயரைச் செருகினாள். செருகியதும் கூடம் அமைதியானது. கட்டிலில் உட்கார்ந்திருந்த அண்ணன் சட்டென்று நிமிர்ந்தார். சர்க்கரை அவர் கண்ணைக் கொண்டுபோனதிலிருந்து உடம்பெல்லாம் காது.

"ஏன் நிறுத்திட்டே?" தினமும் கேட்கிற கேள்விதான்.

"நிறுத்தல. நான் கேக்கறேன்," என்றாள் அண்ணி.

அவள் பூச்சிக்குக்கூடப் பரிதாபப்படுகிறவள் என்று தெருவே சொல்லும். தெருவுக்கு என்ன தெரியும்!

பழைய ரேடியோ இருந்தவரை அண்ணன்தான் ராஜா. குமிழைத் திருகினால் போதும், எந்த நிலையம் எங்கே என்று விரலுக்குத் தெரியும். அது புகைந்து செத்ததும் அண்ணி இந்த டிஜிட்டல் ரேடியோவை வாங்கி வந்து மேசையில் வைத்தாள். பளபளவென்று கண்ணாடி முகம். தொட்டால் எல்லா இடமும் ஒரே வழுவழு. கண் உள்ளவர்களுக்குச் செய்த சாமான். இதில் பாட்டு தெளிவாக வருமாம் என்றாள். பாட்டாவது கீட்டாவது! மகள் வேலை பார்க்கும் நிலையம் டிஜிட்டலில் மட்டும்தான் வருகிறது. விஷயம் அதுதான்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர். மகளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அவள் அதே காரில், 'எல்' போர்டோடு, தனக்குப் பிடித்தவனை ஏற்றிக்கொண்டு போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். காரைப் பஸ் நிலையத்தில் ரிவர்ஸ் எடுத்து, கோடு பிசகாமல் நிறுத்தியிருந்தாள். அதற்கப்புறம் இந்த வீட்டில் அவள் பேச்சே எடுக்கக் கூடாது என்றார். மகளின் பிரசவத்துக்குக்கூட அண்ணியை வாசல் தாண்ட விடவில்லை. குழந்தை தங்கவில்லை. அன்றைக்கும் அண்ணி வாயைத் திறக்கவில்லை.

இப்போது அந்தப் பெண் தினமும் மத்தியானம் போக்குவரத்துச் செய்தி சொல்கிறாள். எந்தச் சாலையில் நெரிசல், எந்தப் பாலத்தை அடைத்திருக்கிறார்கள் என்று. முதல் நாள் குரல் வந்ததும் அண்ணன் கையிலிருந்த டம்ளர் வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றது. மறுநாளிலிருந்து மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டார். கட்டிலை விட்டு நகராத மனிதருக்கு எதற்கு நெரிசல் விவரம்? கேட்டால், ரோடு நிலவரம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டாமா என்பார்.

அண்ணி சில நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"பேசறது யாருன்னு சொல்லுங்க. தினமும் வெளிய வைக்கிறேன்."

"யாரோ ஒரு பொண்ணு."

அவ்வளவுதான், இயர்போன் வந்துவிட்டது.

அண்ணனும் லேசுப்பட்டவர் இல்லை. இன்று காலை அண்ணி குளிக்கப் போன சமயம் பார்த்துத் தானே ரேடியோவைத் தடவித் தடவி அமுக்கியிருக்கிறார். எதை அமுக்கினாரோ, பதிந்து வைத்த நிலையம் அத்தனையும் அழிந்து, திரையில் எங்களுக்குத் தெரியாத ஏதோ பாஷை ஓடியது. கையும் களவுமாகப் பிடிபட்டவர் தூசி துடைத்தேன் என்று சாதித்தார். அண்ணி திட்டவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி தேடிப் பதிந்தாள்.

இப்போது அவருக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காதோரம் மெல்லிய இரைச்சல் கசிந்தது. அண்ணன் அதை நோக்கிச் சாய்ந்து சாய்ந்து கட்டில் விளிம்புக்கே வந்துவிட்டார். நான் எதிரே துணி மடித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பெண் கேட்டு வந்தவரை வாசலோடு விரட்டிவிட்டு, காலமெல்லாம் என்னைத் துணி மடிக்க வைத்தவரும் இதே அண்ணன்தான்.

மகள் ஏதோ வேடிக்கையாகச் சொல்லியிருக்க வேண்டும். அண்ணி சிரித்தாள். அந்தச் சிரிப்பை அண்ணனால் தாங்க முடியவில்லை.

"எம் பொண்ணுதான்," என்றார். குரல் எழும்பவே இல்லை. "எம் பொண்ணு பேசறா. கொஞ்சம் வெளிய வையேன்."

அண்ணிக்குக் கேட்டதோ இல்லையோ, கண்ணை மூடியே இருந்தாள். ஒயர் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் தொங்கியது. ஒரு இழுப்பு இழுத்தால் போதும், கூடமெல்லாம் அவள் குரல் வந்துவிடும். அண்ணன் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நீயாவது சொல்லேம்மா."

நான் தலையணை உறையை உதறி, முனையோடு முனை சேர்த்து மடித்தேன். அண்ணி கையை நீட்டி ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொண்டாள். அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கசிகிற இரைச்சலை நோக்கிக் கழுத்தை நீட்டினார்.