கத்தாத பூனை

நான் வேலை பார்ப்பது ஒரு கால்நடை மருத்துவமனையில். நாயையும் பூனையையும் அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். டாக்டரம்மா ஊசி போடுவார், கடி எனக்கு.

சேர்ந்த அன்றே அவர் சொல்லிக்கொடுத்தது இது: "கத்துற பூனை கிடக்கட்டும். முதுகை வளைச்சுக்கிட்டு, கண்ணைச் சுருக்கிட்டு, சத்தமே இல்லாம மூலையில உக்காந்திருக்கு பாரு, அதுக்குத்தான் வலி ஜாஸ்தி. மொதல்ல அதைத் தூக்கிட்டு வா." அப்படித் தூக்கி வந்த பூனையை யாரும் குறுக்குவிசாரணை செய்ததில்லை. வாயில்லா ஜீவன், பாவம் என்று உடனே வலிக்கு ஊசி விழும்.

எனக்கு வாய் இருந்தது. அதுதான் கோளாறு.

பள்ளிக்கூட நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோது, "உலகத்துல நீ ஒருத்திதான் வயசுக்கு வந்திருக்கியா?" என்றாள் அம்மா. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார் ஒரு டாக்டர். ஆயிற்று. குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர். அதற்காகப் புருஷனோடு படுப்பதே உயிர்போகிற வலி என்பதை யாரிடம் போய்ச் சொல்ல? மாமியார் எனக்கு 'மாதாந்திர மகாராணி' என்று பட்டம் கொடுத்தார். மாதம் தவறாமல் முடிசூட்டு விழாதான். பூனைக்கு அவ்வளவு இரங்கும் டாக்டரம்மாகூட, நான் மேஜை விளிம்பைப் பிடித்து நின்றால், "காலையில சாப்பிடலையா?" என்பதோடு சரி.

கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள்: எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சதை வெளியே வளர்ந்து, குடல்வரை ஒட்டிக் கிடக்கிறதாம். ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்தார்கள். நான் பொய்க்காரி இல்லை என்ற சந்தோஷத்தில் ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதேன்.

வீட்டில் அந்தப் பெயர் செல்லுபடியாகவில்லை. "வலி வலின்னு சொல்லிச் சொல்லி நீயே பெருசாக்கிக்கிறே," என்றார் என் கணவர்.

அப்போதுதான் அந்த மடத்தனத்தைச் செய்தேன். கத்தாத பூனையைத்தானே நம்புகிறார்கள், நாமும் வாயை மூடிப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். அதன்பிறகு ஒரு முனகலைக்கூட வெளியே விடவில்லை. அடுப்படியில் முதுகை வளைத்துக்கொண்டு நின்றேன். கட்டில் ஓரத்தில் சுருண்டேன். தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் எழுந்தேன். பூனையாக இருந்திருந்தால் எப்போதோ மேஜையில் தூக்கி வைத்திருப்பார்கள்.

வீட்டில் எல்லோர் முகத்திலும் நிம்மதி தெரிந்தது. "இப்பல்லாம் நல்லா ஆயிட்டா. எல்லாம் மனசுதான்," என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார் மாமியார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆபரேஷன் ஆகட்டும், வயிற்றைத் திறந்தால் தன்னாலே தெரியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பையில் துணி அடுக்கினேன். கணவர் எட்டிப் பார்த்தார்.

"எங்கே கிளம்புறே?"

"நாளைக்கு ஆபரேஷன்ங்க."

"அதை நான் போன வாரமே கேன்சல் பண்ணிட்டேனே! புருஷன்னு சொன்னேன், ஆஸ்பத்திரியில மறுபேச்சு பேசலை. அதான் உனக்குச் சரியாயிடுச்சே, எதுக்கு வீணா உடம்பைக் கிழிச்சுக்கிட்டு?"

எனக்குப் பெரிய உபகாரம் செய்தவர்போலச் சிரித்தார்.

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டேன். என் இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்களாம். இனி அடுத்த வருஷம்தான் என்றார்கள்.

அன்றைக்குத்தான் கத்தினேன். இத்தனை நாள் அடக்கிய எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, தொண்டை கிழிய.

உள்ளறையில் மாமியார் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

"ஆரம்பிச்சுட்டா."