சிவப்புத் திரையில் தெரிந்த வீடு

பழைய டிவிக்கு விலை சொல்வதுதான் என் வேலை. பதினொரு வருடமாக இந்தக் கடையில் திரை பார்க்கிறேன். கடலும் கிளியும் வரும் டெமோ படத்தை ஓடவிட்டு, புதுசு மாதிரியே இருக்கிறது பாருங்கள் என்று பெருமையடிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓடுகிற படத்தில் எந்தத் திரையும் அழகுதான். திரை முழுக்க ஒரே சிவப்பைப் போட்டுப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். சில திரைகளில் ஒரே படம் மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் நிழலாகப் பதிந்துவிடும். கடையில் நாங்கள் அதைப் பேய் என்போம். பெரும்பாலும் ஏதாவது சேனலின் சின்னமாக இருக்கும். பேய் இருந்தால் பாதி விலைதான், மாமன் மச்சான் என்றெல்லாம் பார்க்க மாட்டேன்.

அன்று காலை கடை திறந்த கையோடு என் தங்கை கணவர் டிவியைக் காரில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். இதைவிடப் பெரியது வாங்கியாயிற்றாம், நான் பார்த்து நல்ல விலை போட வேண்டுமாம். அவளையும் கூட்டி வந்திருக்கலாமே என்றேன். அவளுக்கு வீட்டை விட்டு வரவே பிடிப்பதில்லை என்று சிரித்தார். கல்யாணமான இரண்டு வருடத்தில் அவளும் ஃபோனில் அதையேதான் சொல்கிறாள். தங்கமான மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவள் நான்.

சோதனை அறையின் இருட்டுக்குள் வேறு யாரையும் விட மாட்டோம். மாப்பிள்ளையாயிற்றே, அவரும் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். சிவப்பைப் போட்டேன்.

முதலில் திரையை நான்காகப் பிரிக்கும் கோடுகள் தெரிந்தன. பிறகு ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் மங்கலாக எழுத்து. சமையலறை. பின்கட்டு. குளியலறை வாசல். படுக்கை. சமையலறைக் கட்டத்தில் ஜன்னல் கம்பிகூடத் தெரிந்தது. ஒரு கம்பி மட்டும் வளைந்த அந்த ஜன்னலை எனக்குத் தெரியும், அதன் கீழே நின்று பாத்திரம் கழுவியிருக்கிறேன்.

திருடனுக்குப் பயந்தவன் வாசலில் அல்லவா கேமரா வைப்பான்? இங்கே வாசலே இல்லை. கூடத்தில் உட்கார்ந்து, மாதக்கணக்கில், இவர் என் தங்கையைத்தான் டிவியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் போகும்போதெல்லாம் அதில் பாட்டு ஓடியது.

"என்னக்கா, ஏதாச்சும் தெரியுதா?" என்றார் பின்னாலிருந்து.

சட்டென்று கடலுக்கு மாற்றினேன். அவர் பார்த்துவிட்டாரா என்று திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. "சுத்தமா இருக்கு மாப்ள. நல்ல விலையே போடலாம்," என்றேன். இந்த வேலையில் நான் சொன்ன முதல் பொய் அது.

அதற்குள் அவர் கவனம் ஃபோனுக்குப் போயிருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அதே மாதிரிக் கட்டங்கள், இன்னும் சின்னச் சின்னதாக. ஒன்றில் தங்கை அடுப்படியில் நின்றிருந்தாள். இப்போதே அவளிடம் போக வேண்டும். ஆனால் நான் போய் நிற்பதும் அந்த ஃபோனில் தெரியும்.

டிவியில் உங்கள் கணக்குகள் இருக்கின்றன, அழிக்காமல் விற்றால் வாங்குகிறவன் உங்கள் கார்டில் படம் பார்ப்பான் என்று அளந்துவிட்டேன். அழிக்க ஃபோன் வேண்டும், இருபது நிமிடமாவது ஆகும். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கார்டு என்ற சொல்தான் காப்பாற்றியது, ஃபோனைக் கொடுத்துவிட்டார். எங்கள் மெக்கானிக் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் எழுந்து போக முடியாது. மாப்பிள்ளையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, பின்வாசல் வழியாக ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

வழியெல்லாம் பின்னால் வந்த ஒவ்வொரு காரும் அவர் கார் மாதிரியே இருந்தது.

தங்கை கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறியது, மறுகணமே வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். "அவரு அனுப்பினாரா? சிரிச்சுக்கிட்டே பேசுக்கா. சத்தம் கேக்காது, மூஞ்சி தெரியும்."

"வாசல்லதான் இல்லையேடி."

"நேத்து இன்னும் நாலு மாட்டியிருக்காரு. இனிமே எட்டு கட்டம். அதுக்குத்தான் பெரிய டிவி."

பையிலிருந்து அவர் ஃபோனை எடுத்துக் காட்டினேன். பயப்படாதே, பார்க்க அவர் கையில் ஒன்றுமில்லை என்றேன். அவள் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. கண் மட்டும் நிறைந்துகொண்டே வந்தது.

"அத்தை ஃபோன்லயும் தெரியும்க்கா," என்றாள்.

அவள் மாமியார் இருப்பது அடுத்த தெரு. உள்ளே லேண்ட்லைன் ஒலிக்க ஆரம்பித்தது. அவள் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கதவுக்கு மேலே இருந்த கேமராவைப் பார்த்து, என்னால் முடிந்த மட்டும் சிரித்தேன்.

"சிரிச்சுக்கிட்டே செருப்பைப் போடு," என்றேன்.